இருப்பு அறிந்து இல்லம் நடத்துதல்

விலைவாசி ஏறிவிட்டது என்னும் முறையீடு எழாத வீடு இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய் முதலியவற்றின் விலை ஏறுவதும் இறங்குவதும் குடும்பத் தலைவனின் வசத்தில் இல்லை. மழை, சந்தை, போக்குவரத்து, அரசாங்கத்தின் ஏற்பாடுகள் ஆகிய பலவும் கூடி அதனை நிர்ணயிக்கின்றன. ஆனால், விலை கொடுத்து வாங்கிய வஸ்துவோ வியர்வை சிந்தி விளைவித்த வஸ்துவோ வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு என்ன கதியை அடைகிறது என்பது முற்றிலும் வீட்டாரின் வசத்திலேயே இருக்கிறது. முதலாவது விஷயத்தைப் பற்றி முறையிடுவோர் அநேகர். இரண்டாவது விஷயத்தை விசாரிப்போர் சிலரே.

பரண்மேல் சென்ற ஆண்டின் உளுந்து வண்டு துளைத்துக் கிடக்க, கடையிலிருந்து புது உளுந்து வருகிறது. புளிப்பானையின் அடியில் பழம்புளி கறுத்துக் கிடக்க, அதன்மேல் புதுப்புளி அடைக்கப்படுகிறது. மாலையில் மீந்த சோறு மறுநாள் காலையில் குப்பைக்குப் போகிறது. அதே காலையில் சிற்றுண்டிக்காகக் கடைத்தெருவுக்கு ஆள் போகிறது. இவை தனித்தனியே அற்பமாகத் தோன்றும். ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் அற்பமல்ல என்பது விளங்கும்.

ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி வீணாவதாக வைத்துக்கொள்வோர் அதனைப் பெரிதென்று கருதமாட்டார்கள். அது ஒரு கைப்பிடிக்குச் சற்று மேற்பட்ட அளவேயாகும். எனினும் 365 நாட்களில் அது 36½ கிலோவாகிறது. இக்காலத்தில் அரிசி 25 கிலோ சிப்பமாக விற்கப்படுவதால், ஏறக்குறைய ஒன்றரைச் சிப்பம் அரிசியை விலைக்கு வாங்கி வீதியில் கொட்டியதற்கு இது சமம். மூன்று கிலோ நெல்லுக்கு இரண்டு கிலோ அரிசி என்ற கணக்கில், இதற்கு வேண்டிய நெல் 54 கிலோவுக்கு மேல். ஒரு கிலோ நெல் விளைவதற்கு மழையாலும் பாசனத்தாலும் சராசரி 2,500 லிட்டர் நீர் வயலில் சேர வேண்டும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நிபுணர் கணக்கிட்டிருக்கின்றனர். அவ்விதமாயின் அந்தக் கைப்பிடிச் சோற்றோடு ஆண்டொன்றுக்கு 1,35,000 லிட்டருக்கு மேற்பட்ட நீரும் வீணாகிறது. மடை திறப்பதற்காக இரவில் கண்விழித்த குடியானவனுக்கு இந்தக் கணக்கின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இது ஓர் ஊரின் குறையோ ஒரு நாட்டின் குறையோ அன்று. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தார் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீடுகளிலும் உணவு விடுதிகளிலும் கடைகளிலும் வீணாயிற்று. அதில் பத்தில் ஆறு பங்கு வீடுகளிலேயே நேர்ந்தது. இந்தியாவில் வீடுகளில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ என்று அவர்கள் மதிப்பிட்டிருக்கின்றனர். தோல், எலும்பு முதலிய உண்ணத்தகாத பகுதிகளும் இதில் அடங்கும் என்பது உண்மையே. அவற்றைக் கழித்தாலும் எஞ்சுவது சிறிதன்று.

சடையங்குப்பம் கற்பிக்கும் பாடம்

வீட்டு இருப்பைப் பற்றிப் பேசும்போது, எல்லா ஊருக்கும் ஒரே விதியைச் சொல்லிவிடுவது தகாது. சென்னைக்கு வடக்கே, மணலிக்கும் எண்ணூர்க் கழிமுகத்திற்கும் இடையில் உள்ள சடையங்குப்பத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். கொசஸ்தலையாறு அவ்வூரின் பக்கமாகச் சென்று எண்ணூரில் கடலோடு கலக்கிறது. புழல் ஏரியின் உபரி நீர் திறக்கப்படும்போதெல்லாம், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி முதலிய ஊர்களுடன் சடையங்குப்பத்திற்கும் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுவது வழக்கம். மணலியில் 1969ஆம் ஆண்டில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது முதல், இப்பிரதேசம் படிப்படியாக ஆலைகளின் பிரதேசமாயிற்று. 2011ஆம் ஆண்டில் இவ்வூர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கழனியிலிருந்து நெல் வீட்டிற்கு வந்த காலம் போய், கடையிலிருந்து அரிசி சிப்பமாக வரும் காலம் வந்துவிட்டது.

பொதுவாகக் குடியானவர்களுக்குச் சொல்லப்படும் புத்தி, அறுவடைக் காலத்தில் ஓராண்டுக்கு வேண்டியதைக் குதிரிலும் பத்தாயத்திலும் சேமித்துவை என்பதாகும். மேட்டுப் பாங்கான ஊர்களுக்கு இது மிகப் பொருத்தமானதே. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நீர் சூழும் தாழ்ந்த பூமியில், ஐப்பசி மாதத்தில் நிறைந்திருக்கும் களஞ்சியம் கார்த்திகையில் நஷ்டமாகக்கூடும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பிரதேசத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் பரவியது. அத்தகைய நீர் பட்ட அரிசியையும் பருப்பையும் எவ்வளவு உலர்த்தினாலும் உண்ணத்தகாது. ஆகவே இத்தகைய ஊர்களில் சிக்கனத்தின் முதல் விதி மற்ற ஊர்களுக்கு நேர்மாறானது. ஆவணி, புரட்டாசி மாதங்களிலேயே பழைய இருப்பை ஒவ்வொன்றாகச் செலவிட்டுத் தீர்த்துவிட வேண்டும். மழைக்காலத்திற்கு ஏறக்குறைய பத்து நாட்களுக்கு வேண்டியதை மட்டும் இறுக மூடிய பாத்திரங்களில் உயரமான பரண்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். புது இருப்பைத் தை மாதத்திற்குப் பிறகே சேர்க்க வேண்டும். மலிவு விலை என்று கேள்விப்பட்டு மழைக்கு முன் மூட்டை மூட்டையாக வாங்குவது இங்கே சிக்கனமன்று.

இருப்பை அறிதல் என்பதன் பொருள் இதுவே. எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்தால் மட்டும் போதாது. அது எத்தனை நாள் நிலைக்கும், எப்பொழுது ஆபத்துக்குள்ளாகும் என்பதையும் அறிய வேண்டும்.

பர்மா அரிசியும் பழைய அநுபவமும்

சடையங்குப்பத்தில் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பெயர் தமிழ்நாட்டின் உணவுச் சரித்திரத்தில் இரண்டு விஷயங்களை நினைவூட்டுகிறது. முதலாவது, பர்மாவில் 1962ஆம் ஆண்டில் இராணுவ ஆட்சி ஏற்பட்ட பிறகு, தொழிலையும் சொத்தையும் இழந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழரின் வரலாறு. இரண்டாவது, அதற்கும் முற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்திற்கு முன் சென்னை மாகாணம் தனது அரிசித் தேவையில் ஒரு பகுதிக்குப் பர்மாவையே எதிர்பார்த்திருந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் வசமானவுடன் அந்த வரத்து நின்றது. 1943ஆம் ஆண்டில் சென்னை நகரத்தில் பங்கீட்டு முறை அமுலுக்கு வந்தது. அதே ஆண்டில் வங்காளத்தில் பஞ்சத்தால் லக்ஷக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். 1952ஆம் ஆண்டில் இராஜாஜி முதன் மந்திரியாக இருந்தபோதுதான் சென்னை இராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

கடலுக்கு அப்பாலிருந்து வரும் உணவை நம்பியிருந்தவர்கள் கப்பல் நின்ற அன்றே தமது பானையைத் திறந்து பார்க்க நேர்ந்தது. சுபிக்ஷ காலத்தில் பானையைத் திறந்து பார்க்கும் வழக்கத்தைக் கைக்கொண்டவர்களுக்குக் கஷ்ட காலத்தில் கலக்கம் குறையும். 1965ஆம் ஆண்டில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒருவேளை உணவை விடுமாறு ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். வீட்டில் வீணாகும் உணவை நிறுத்துவோர் ஒருவேளையும் பட்டினி கிடவாமலே அதே பயனை அடையலாம்.

கணக்குப் பார்க்கும் முறை

மாதத்திற்கு ஒருமுறை, மளிகைச் சீட்டு எழுதுவதற்கு முதல் நாள், அடுக்களையிலும் பரணிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் செல்லாது. பழையவை முன்னும் புதியவை பின்னுமாக அடுக்குதல் வேண்டும். முதலில் வந்தது முதலில் செலவாதல் என்பதே பண்டகசாலைகளின் விதி. வீட்டிற்கும் அதுவே விதியாதல் தகும். பிறகு, இருப்பதைக் கொண்டு எந்தெந்த நாளில் என்ன சமைக்கலாம் என்று தீர்மானித்து, அதற்குக் குறைவானதை மட்டும் சீட்டில் எழுத வேண்டும். மாதத்தின் கடைசி வாரத்தில் காய்கறி, பால் தவிர வேறொன்றும் வாங்குவதில்லை என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டால், மூலையில் மறந்து கிடந்தவையெல்லாம் தாமே வெளிவரும்.

நிலம் உடையவர்கள் செய்ய வேண்டிய கணக்கு இன்னும் ஒன்றுண்டு. களத்துமேட்டிலேயே நெல் முழுவதையும் விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கடையில் அரிசி வாங்குவோர் பலர். விற்கும்போது குறைந்த விலை. வாங்கும்போது கூடின விலை. இரண்டிலும் நஷ்டம் அவர்களுக்கே. ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 547 கிலோ அரிசி தேவை. அதற்கு ஏறக்குறைய 820 கிலோ நெல், அதாவது 75 கிலோ மூட்டையில் 11 மூட்டை வேண்டும். வெள்ள பயமில்லாத ஊரில் இதனை ஒதுக்கி வைத்துவிட்டு மிஞ்சியதை விற்பதே விவேகம்.

ஒதுக்கி வைத்ததைக் காப்பதும் சிக்கனத்தின் பகுதியே. சில மாதங்களுக்கு மேல் வைக்கும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாது. ஈர நெல்லைக் குதிரில் இட்டால் பூஞ்சணமும் வெப்பமும் உண்டாகும். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால், வண்டு வெளியே தெரியும்போது சேதம் பெரிதும் முடிந்திருக்கும். பழைய தானியத்தோடு புதியதைக் கலப்பதே அநேக வீடுகளில் வண்டு பரவுவதற்குக் காரணம். பாத்திரத்தைக் காலிசெய்து வெயிலில் காயவைத்த பின்னரே புதியதை நிரப்ப வேண்டும். துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்துவதும், தானியத்தில் வேப்பிலையும் வசம்பும் இடுவதும் கிராமங்களில் நெடுங்காலமாக வழங்கும் முறைகள். தானியத்தில் பூச்சி இருப்பதை முன்கூட்டியே காட்டும் பொறிகளைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அமைத்திருக்கின்றனர்.

மீந்ததும் மிச்சமானதும்

மீந்ததைப் பயன்படுத்துவது தமிழர் சமையலுக்குப் புதிதன்று. அச்சமையலின் பாதி அதிலிருந்தே பிறந்தது. புளித்த மாவு ஊத்தப்பமாகவும் குழிப்பணியாரமாகவும் ஆகிறது. மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்தால் உப்புமா. புளித்த மோரில் அரிசி மாவைக் கரைத்துக் கிளறினால் மோர்க்களி. காய்கறியோடு கொதித்தால் மோர்க்குழம்பு. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கும், வாழைத்தண்டும் பூவும் பொரியலுக்கும், பலாக்கொட்டை குழம்புக்கும் உதவுகின்றன. மலிந்த காலத்துக் கத்தரியும் கொத்தவரையும் வற்றலாகின்றன. கடற்கரை ஊர்களில் விற்பனைக்கு மேற்பட்ட மீன் உப்பிட்டு உலர்த்தப்பட்டுக் கருவாடாகிறது. மலிந்ததைப் பஞ்ச காலத்திற்குக் கடத்தும் உபாயங்கள் இவை.

சாதம் வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றுவது இன்னொரு நஷ்டம். நீரில் கரையும் சத்துக்களில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடுகிறது. அரிசியைப் பலமுறை கழுவுவதாலும் அவ்வாறே நேரும். குன்னூரில் இயங்கி 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தார், தீட்டிய பச்சரிசியையே பிரதானமாக உண்டவர்களிடம் பெரிபெரி நோய் கண்டதையும், புழுங்கல் அரிசி அந்நோயைத் தடுக்கவல்லது என்பதையும் ஆராய்ந்தனர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து மணிக்குள் இறங்குவதே இதற்குக் காரணம். ஆகவே கஞ்சியைப் பருகுவதும், அதனைக் குழம்பிலோ கால்நடைகளின் தொட்டியிலோ சேர்ப்பதும் செலவில்லாத ஆதாயமாகும்.

எதைக் காத்தல் ஆகாது

சிக்கனத்தின் பெயரால் கெட்டதை உண்பது மடமை. சாதம் வெந்த பிறகும் அதில் சில கிருமிகளின் வித்துக்கள் உயிரோடிருக்கும். வெதுவெதுப்பான இடத்தில் பல மணி நேரம் வைத்தால் அவை பெருகி விஷத்தை உண்டாக்கும். அவ்விஷம் மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. ஆகையால் மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்திற்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அல்லது சுத்தமான நீர் ஊற்றிப் பழையதாக்கி மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கழுவியும் வறுத்தும் உபயோகிப்பது கூடாது. 1974ஆம் ஆண்டில் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டதனால் நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் நோயுற்று இறந்தனர். அத்தகைய தானியத்தைக் கால்நடைகளுக்கு இடுவதும் ஆபத்தே. அதன் விஷம் கறவையின் பாலிலும் வரக்கூடும். கெடுவதற்கு முன் செலவிடுவதே சிக்கனம். கெட்ட பின் உண்பது வைத்தியச் செலவுக்கு வழி.

இரண்டு ஆக்ஷேபணைகள்

இவ்வளவு கணக்குப் பார்ப்பது உலோபத்தனம் என்றும், விருந்தோம்பும் குடிக்கு அழகன்று என்றும் சிலர் கருதுவர். உலோபி உண்ணவும் மாட்டான், கொடுக்கவும் மாட்டான். இருப்பை அறிந்தவனோ திடீரென்று வந்த விருந்தினருக்கு எதைக் கொண்டு இலை போடலாம் என்பதை அறிந்தவன். கலியாண வீட்டில் இலையோடு மூடப்படும் சோறு உபசாரத்தைக் காட்டுவதில்லை, அளவறியாமையையே காட்டுகிறது. மீதமாவது உறுதி என்று தெரிந்தவுடன், சூடு ஆறுமுன்பே பசித்தவருக்கு அதனை அனுப்ப ஏற்பாடு செய்வதே தருமம்.

இரண்டாவது ஆக்ஷேபணை இன்னும் கனமானது. மீந்ததைக் காப்பதும், வற்றல் போடுவதும், தானியம் புடைப்பதும் பெண்களின் உழைப்பாகவே முடிகின்றன. ஆண்கள் சந்தையில் கண்டதை வாங்கி வந்து போட்டுவிட்டு, வீணானதற்கு அடுக்களையைக் குறைகூறுவது நியாயமன்று. வாங்குபவரும் சமைப்பவரும் ஒரே சீட்டைப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். பெரும்பாலான வீடுகளில் சிக்கனம் தோற்பது, சீட்டு ஒருவர் கையிலும் பணம் மற்றொருவர் கையிலும் இருப்பதனாலேயே. மேலும், அன்றன்று கூலி பெற்று அன்றன்று அரைக் கிலோ அரிசி வாங்கும் குடும்பத்தாரிடம் சிக்கனம் போதிப்பது வீண். அவர்கள் வீட்டில் மீதமாவது ஒன்றுமில்லை. இப்போதனை களஞ்சியம் உடையவர்களுக்கே உரியது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊரிலுள்ள மற்ற உத்தியோகஸ்தர்களும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவக்கூடும். நியாயவிலைக் கடையில் பெற்ற அரிசியை அற்ப விலைக்குத் தரகரிடம் தள்ளிவிட்டு, வேறு அரிசி வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது சட்டப்படி குற்றம் என்பதோடு, குடும்பத்திற்கும் இராஜ்யத்திற்கும் நஷ்டமாகும். அந்த அரிசி இட்லி மாவுக்கும் புட்டுக்கும் முறுக்குக்கும் நன்கு பயன்படும் என்பதை எடுத்துச் சொல்லலாம். அரிசி வேண்டாத குடும்பங்கள் அதற்குப் பதிலாகச் சர்க்கரை பெறும் அட்டைக்கு மாறிக்கொள்ள வழி உண்டு என்பதையும் தெரிவிக்கலாம்.

சடையங்குப்பம் போன்ற தாழ்ந்த ஊர்களில் அதிகாரிகளின் கடமை மேலும் ஒருபடி பெரியது. புழல் ஏரியின் உபரி நீர் திறக்கப்படும் செய்தி சில மணி நேரம் முந்தி வந்தாலும், ஒரு குடும்பம் தன் அரிசிப் பானையைப் பரணேற்ற அவகாசம் கிடைக்கும். எச்சரிக்கை வரும்போது, ஆட்களும் கால்நடைகளும் வெளியேற வேண்டும் என்பதோடு நில்லாமல், உணவுப் பொருள்களை உயரத்தில் ஏற்றிவைக்குமாறும் சொல்லுதல் வேண்டும். வெள்ளம் வடிந்தபின் நீர் பட்ட தானியத்தை ஜனங்கள் காயவைத்து உண்ணாதபடி தடுத்து, அதற்கு ஈடாகப் புதிய தானியம் விரைவில் கிடைக்கச் செய்வதும் அவர்கள் கடமையே. மாற்று அரிசி வரத் தாமதித்தால், பசித்தவர் கெட்டதை உண்ணவே செய்வர். அந்தக் குற்றம் அவர்களுடையதன்று.

விளைச்சலைப் பெருக்குவதற்கு விதை, எரு, நீர், மருந்து ஆகியவற்றில் எவ்வளவோ முயற்சி செய்யப்படுகிறது. ஒரு மூட்டை அதிகம் விளைவிக்க ஆகும் செலவையும், வீட்டிலுள்ள ஒரு மூட்டையைக் கெடாமல் காக்க ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்போர், பின்னதே மிகச் சொற்பம் என்பதை உணர்வர். அடுத்த முறை மளிகைச் சீட்டு எழுதப்படுவதற்கு முன், ஒவ்வொரு வீட்டிலும் பரணில் உள்ள பானைகள் ஒருமுறை கீழே இறக்கப்படுமாயின், அந்தச் சீட்டு தானே சுருங்கும்.